இன்கா பெண்கள்: ஸ்பானியர் வரும் முன் எல்லாம் சமமாகத்தான் இருந்ததா?

மலைத்தேன் | 3 ஜூன் 2023

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளை ஆண்ட இன்காக்களின் காலத்தில் ஆணும் பெண்ணும் சமம். பெண்ணுக்குத் தாய் வழியில் நிலம், தண்ணீர். கோயிலில் பெண் பூசாரி, ஊரில் பெண் தலைவி. 1532-ல் ஸ்பானியத் தளபதி பிரான்சிஸ்கோ பிசாரோ வந்து இறங்கினான், கூடவே ஆணாதிக்கமும் வந்து இறங்கியது. நான் படித்தவரை கதை இவ்வளவுதான். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

தறிக்காரன் | 3 ஜூன் 2023, இரவு

இருக்கிறது. பாதிக்கு மட்டும்.

சரியான பாதியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆண்டிஸ் மலைக் கிராமங்களில் அய்யு என்று ஒரு அமைப்பு. சொந்தபந்தங்கள் சேர்ந்து நிலத்தைப் பொதுவில் வைத்திருக்கும் கூட்டம். அதற்குள் வம்சம் இரண்டு கோடாக ஓடியது. மகன் தன்னை அப்பா, அப்பாவின் அப்பா என்ற வரிசையில் வைத்துப் பார்ப்பான். மகள் அம்மா, அம்மாவின் அம்மா என்ற வரிசையில். நிலத்தையும் வாய்க்கால் தண்ணீரையும் பயன்படுத்தும் உரிமை பெண்ணுக்கு அம்மா வழியில் வந்தது. ஐரீன் சில்வர்பிளாட் என்ற மானுடவியலாளர் 1980-களில் இதை விரிவாக எழுதினார். நீங்கள் படித்ததும் சுற்றி வளைத்து அங்கிருந்து கிளம்பியதாகத்தான் இருக்கும்.

சாமிகளிலும் அதே இரண்டு வரிசை. சூரியன் ஆண்களுக்கு, நிலா பெண்களுக்கு. அரசன் சூரியனின் மகன். அரசி, அதாவது கோயா, நிலாவின் மகள். டிட்டிகாகா ஏரியில் சூரியத் தீவுக்குத் துணையாக நிலாத் தீவு. மழைக்காலம் தொடங்கும் முன் செப்டம்பர் வாக்கில் வரும் கோயா ராய்மி அரசியின் திருவிழா. நோய்நொடியைத் தலைநகரான குஸ்கோவை விட்டு விரட்டும் சடங்கும் அந்த மாதத்தில்தான்.

இனி மறு பாதி. 1532-ல் பிசாரோவின் ஆட்கள் மலை ஏறிக்கொண்டிருக்கிறார்கள். எர்னாண்டோ தெ சோட்டோ சிறு படையோடு முன்னால் போய்க் காஹாஸ் என்ற ஊருக்குள் நுழைகிறான். ஊர் வாசலில் சில ஆண்களின் உடல்கள், கால் மேலே தலை கீழே தொங்குகின்றன. என்னவென்று விசாரித்தால், ஒருவன் பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் புகுந்துவிட்டானாம். இன்கா அரசன் அத்தாவால்பா போட்ட தண்டனை. அந்த வீட்டுக்குள் நூற்றுக்கணக்கான பெண்கள் நூற்கிறார்கள், நெய்கிறார்கள், படைக்குச் சிச்சா காய்ச்சுகிறார்கள். சிச்சா என்பது மக்காச்சோளக் கள். ஒவ்வொருத்தியும் சின்ன வயதில் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து எடுத்து வரப்பட்டவள்.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். அந்தப் பெண்களை வீட்டிலிருந்து சதுக்கத்துக்கு வரவழைத்து, பலரைச் சோட்டோ தன் ஆட்களுக்குக் கொடுத்தான். கூடப் போன தியேகோ தெ துருஹில்லோ என்ற சிப்பாய் பிற்காலத்தில் எழுதி வைத்தது இது. அங்கிருந்த இன்கா அரசனின் தூதர் கொதித்துப்போய், இருபது லீக் (சுமார் நூறு கிலோமீட்டர்) தூரத்தில் எங்கள் அரசர் இருக்கும்போது இதைச் செய்ய உங்களுக்கு எப்படித் துணிச்சல் வந்தது என்று கேட்டாராம்.

அவர் கோபம் எதற்கு? அரசரின் சொத்தில் கை வைத்ததற்கு. அந்தப் பெண்களின் கருத்தை இரண்டு தரப்பிலும் யாரும் கேட்கவில்லை.

தறிக்காரன் | 4 ஜூன் 2023

"இதெல்லாம் ஸ்பானியர் எழுதியதுதானே, நம்பலாமா?" என்று மலைத்தேன் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இன்காக்களிடம் நம் போல எழுத்து கிடையாது, கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகள்தான். ஆகவே நம் கையில் இருப்பதில் அநேகமாக எல்லாமே 1532-க்குப் பிறகு, ஸ்பானிய மொழியில், ஆண்கள் எழுதியது. பழங்குடி ஆட்கள் எழுதியதும் உண்டு, ஆனால் அவர்களும் ஞானஸ்நானம் பெற்ற ஆண்கள்.

அவர்களில் எனக்குப் பிடித்தவர் குவாமான் போமா தெ ஆயாலா. 1615 வாக்கில் ஸ்பெயின் அரசருக்கு ஆயிரத்துச் சொச்சம் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். ஆமாம், கடிதம். 398 படங்களும் வரைந்தார். அது எப்படியோ கோபன்ஹேகன் அரச நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, 1908-ல்தான் ஒரு ஜெர்மன் அறிஞர் கண்ணில் பட்டது. அரசர் படித்தாரா என்றெல்லாம் கேட்காதீர்கள். நாமும் கலெக்டர் ஆபீசுக்கு மனு போட்டவர்கள்தானே.

அதில் இன்கா அரசு மக்களைக் கணக்கெடுத்த விதத்தை வரைந்திருக்கிறார். ஆண்களுக்குப் பத்துத் "தெரு", பெண்களுக்குத் தனியே பத்துத் "தெரு". வயதை வைத்துப் பிரித்த வரிசை, ஆனால் குழந்தையில் ஆரம்பிக்கவில்லை. அரசுக்கு யார் அதிகம் உபயோகமோ அவருக்கு முதல் இடம். ஆண்களில் முதல் தெரு முப்பத்து மூன்று வயதுப் போர்வீரன். பெண்களில் முதல் தெரு அதே முப்பத்து மூன்று வயது, தறியில் உட்கார்ந்திருக்கும் பெண்.

இந்த இழை முழுக்க நான் துணியைப் பற்றியே பேசினால் காரணம் இதுதான். என் தொழிலும் ஒரு காரணம், மறைக்கவில்லை.

தறிக்காரன் | 4 ஜூன் 2023, சற்று நேரம் கழித்து

சொல்ல மறந்தது. சூரியக் கடவுளின் பெயர் இந்தி. ஜெயித்த ஊர்களில் எல்லாம் இந்திக்குக் கோயில் கட்டி, உள்ளூர் சாமிகளை அதற்குக் கீழே வைத்தார்கள். ஆக, இந்தித் திணிப்பு அங்கே 1400-களிலேயே நடந்திருக்கிறது. இதற்கு மேல் இந்தக் கிளையில் யாரும் பேச வேண்டாம், இழை வேறு எங்கோ போய்விடும்.

தறிக்காரன் | 6 ஜூன் 2023

பெண்கள் வீடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் பெண்களுக்கு அக்யா என்று பெயர், வீட்டுக்கு அக்யாவாசி. பத்து வயது வாக்கில் பெண் குழந்தைகளைப் பார்த்து எடுக்க அரசின் அதிகாரி ஒருவர் மாகாணம் மாகாணமாக வருவார். எடுத்துப் போன பெண்ணுக்கு மூத்த பெண்கள் நூற்க, நெய்ய, சமைக்க, சிச்சா காய்ச்சக் கற்றுத் தருவார்கள். வளர்ந்த பிறகு சிலர் கோயிலுக்கு. சிலர் அரசனுக்கு மனைவியாக. சிலரை அரசன் தன் தளபதிகளுக்கும் உள்ளூர்த் தலைவர்களுக்கும் பரிசாகக் கொடுப்பான். மிகச் சிலர் பலிக்கு.

குஸ்கோவில் லோரெத்தோ என்று ஒரு குறுகலான தெரு. ஒரு பக்கம் முழுக்க இன்காக் கல் சுவர், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காகிதம் நுழையாது. அதுதான் பழைய அக்யாவாசியின் சுவர். அதற்கு மேலே, அதே இடத்தில், இப்போது நிற்பது சாந்தா கத்தலீனா கன்னியர் மடம். தொழில் விஷயமாகப் பெரு போயிருந்தபோது அந்தத் தெருவில் நடந்தேன். வழிகாட்டிப் பையன் "முன்னாடியும் கன்னிப் பெண்கள், இப்பவும் கன்னிப் பெண்கள்" என்று சிரித்தான். தினமும் பத்துக் கூட்டத்துக்குச் சொல்லும் ஜோக் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடத்துக்குள் இருப்பவர்களை யாருக்கும் பரிசாகக் கொடுப்பதில்லை என்ற வித்தியாசம் பெரியது.

ஆனால் அக்யாவாசியை வெறும் சிறை என்று எழுதினால் அதுவும் சரியாக வராது. வுவானூக்கோ பம்பா என்ற இன்கா நகரத்தைத் தோண்டியபோது, ஒரே வாசலுள்ள சுவருக்குள் சுமார் 50 கட்டடங்கள் கிடைத்தன. உள்ளே நூற்கும் நெய்யும் கருவிகள், சிச்சாவுக்கான பெரிய பெரிய பானைகள். அரசு வேலைக்கு வரும் ஆயிரக்கணக்கான ஆட்களுக்குச் சாப்பாடும் கள்ளும் போட்டுத் துணியும் கொடுத்தால்தான் இன்கா அரசு நடக்கும். காசு இல்லாத தேசம் அது. கருவூலமும் நாணயச்சாலையும் சேர்ந்து எங்கே இருந்தன என்றால், இந்தப் பெண்களின் வீட்டுக்குள்தான். அங்கே இருந்த மாமாகோனா என்ற மூத்த பெண்களுக்குச் சொந்த மரியாதையும் அதிகாரமும் இருந்தது. ஊரில் எந்தப் பெண்ணும் நெய்யாத துணியை அவர்கள் நெய்தார்கள். வெளியே போக மட்டும் முடியாது.

தறிக்காரன் | 7 ஜூன் 2023

பலி பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். பொதுவிலேயே சொல்கிறேன்.

அர்ஜென்டினா, சிலி எல்லையில் யுல்யாய்யாக்கோ எரிமலை. உயரம் 6,739 மீட்டர். 1999-ல் அதன் உச்சியில் மூன்று குழந்தைகளின் உடல்கள் உறைந்த நிலையில் கிடைத்தன. மூத்தவள் பதின்மூன்று பதினைந்து வயதுப் பெண். இப்போது சால்ட்டா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் காட்சிக்கு வைக்கிறார்கள். நான் போன அன்று இவள்.

சம்மணமிட்டு, தலை கொஞ்சம் சாய்ந்து, தூங்குகிற மாதிரிதான். முடி முழுக்கச் சின்னச் சின்னப் பின்னல். யாரோ மணிக்கணக்கில் உட்கார்ந்து பின்னியிருக்கிறார்கள். விஞ்ஞானிகள் அந்த முடியைத்தான் சோதித்தார்கள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும், சாப்பிட்டது அதில் பதிவாகும். சாவதற்குச் சுமார் ஒரு வருடம் முன்பு அவள் சாப்பாடு திடீரென்று மாறியிருக்கிறது. குடியானவர் சாப்பாட்டிலிருந்து மக்காச்சோளமும் இறைச்சியுமாக, பெரிய இடத்துச் சாப்பாடாக. அதே சமயத்தில் கொக்கா இலை கூடுகிறது. கடைசி வாரங்களில் கள் மிக அதிகம். மெல்வதற்குக் கொடுத்த கொக்கா உருண்டை அவள் பற்களுக்கு இடையிலேயே இருந்தது.

அக்யாவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சமத்துவம் பற்றிய உங்கள் கேள்விக்கு இவள் முடியே ஒரு சாட்சி. அவள் கௌரவிக்கப்பட்டாள் என்பதற்கும் அதே முடிதான் சாட்சி, அதுதான் சிக்கல்.

இன்னொன்று. பெருவின் ஒக்ரோஸ் ஊரில் 1620-களில் ஒரு பாதிரியார் பதிவு செய்த கதை. தாந்தா கார்வா என்ற பத்து வயதுப் பெண்ணை அவள் அப்பா இன்காவுக்குப் பலியாகக் கொடுத்தார். குஸ்கோவில் அவளுக்குப் பெரிய வரவேற்பு. பிறகு சொந்த ஊர்ப் பக்கத்து மலையில் உயிரோடு மூடினார்கள். அப்பாவுக்குத் தலைவர் பதவி கிடைத்தது. பாதிரியார் வந்த காலத்திலும் ஊர்க்காரர்கள் அவளைச் சாமியாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தறிக்காரன் | 7 ஜூன் 2023

மலைத்தேன், "அப்போ பெண் தலைவிகளே இல்லையா?" என்று கோபப்பட வேண்டாம். இருந்தார்கள். வடக்குக் கடற்கரைப் பியூரா பக்கம் கப்புயானா என்ற பெண் தலைவிகளை ஸ்பானியர் நேரிலேயே பார்த்தார்கள். வய்லாஸ் பகுதியில் கொந்தார்வாச்சோ என்ற தலைவி, மறைந்த பேரரசர் வயினா காப்பாக்கின் மனைவிகளில் ஒருத்தி. 1536-ல், ஸ்பானியரை எதிர்த்து எழுந்த இன்கா அரசன் மாங்கோ இன்காவின் படை லிமாவை முற்றுகையிட்டபோது இவர் ஆட்களை அனுப்பினார். யாருக்கு உதவியாக? ஸ்பானியருக்கு. காரணம் குடும்ப விவகாரம். இவர் மகள் கிஸ்பே சீசா அப்போது பிசாரோவின் வீட்டில் இருந்தார், அவனுக்குக் குழந்தையும் பெற்றிருந்தார். அந்தப் பெண்ணைப் பிசாரோவுக்குக் கொடுத்தது அண்ணன் முறையான அத்தாவால்பா.

புராணத்திலும் ஆள் இருக்கிறாள். குஸ்கோவை நிறுவிய நான்கு அண்ணன் தங்கை ஜோடிகளில் மாமா வாக்கோ. எதிரி ஊரான் ஒருவனைக் கல் கட்டிய கயிறு வீசி வீழ்த்தி, மார்பைக் கிழித்து நுரையீரலை எடுத்து ஊதினாளாம். அதைப் பார்த்து ஊரே ஓடிவிட்டது. 1572-ல் சார்மியென்தோ என்ற ஸ்பானியர் எழுதி வைத்தது. இதைப் படித்த பிறகு பூந்தொட்டி மாதிரி மென்மையான இன்கா மங்கை ஓவியங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

தறிக்காரன் | 9 ஜூன் 2023

துணிக்கு வருகிறேன். இரண்டு தரம். அவாஸ்கா என்பது வீட்டுத் துணி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசு தன் மந்தையின் கம்பளியைக் கொடுக்கும், வருடத்துக்கு ஒரு உடுப்பு நெய்து திருப்பித் தர வேண்டும். அதைப் பெரும்பாலும் வீட்டுப் பெண் இடுப்பில் கட்டும் தறியிலோ தரையில் முளையடித்த தறியிலோ நெய்வாள். கும்பி என்பது உயர்ரகம். நெட்டுத் தறியில் நெய்த சித்திரத் துணி, முன்பக்கம் பின்பக்கம் வித்தியாசம் கிடையாது. ஒரு சென்டிமீட்டருக்குள் 80-க்கும் மேல் ஊடை ஓடும் துணிகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணிப் பார்க்க முயன்றேன். கண் வலித்ததுதான் மிச்சம்.

இந்தக் கும்பியை இரண்டு பேர் நெய்தார்கள். ஒன்று அக்யா பெண்கள். இன்னொன்று கும்பிகாமாயோக் என்ற ஆண் நெசவாளர்கள், முழுநேரத் தொழில். ஆகவே "நெசவு பெண் வேலை" என்பதே முழுசாகச் சரியில்லை. மதிப்பு ஏற ஏற ஆண்களும் உள்ளே வந்தார்கள்.

துணிக்கு அவ்வளவு மதிப்பு. கஹாமார்காவில் ஸ்பானியர் கண்ட கிடங்குகளில் கூரை முட்டத் துணிக் கட்டுகள் இருந்தன. ஸ்பானியர் தங்கத்துக்கு அலைந்தார்கள், இன்காத் தளபதிகளோ பின்வாங்கும்போது துணிக் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். எதிரி கையில் சிக்கக் கூடாத பொருள் எது என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை.

தறிக்காரன் | 10 ஜூன் 2023

இனிதான் முக்கியமான இடம். இன்கா அரசு வரிக்கு எதை ஓர் அலகாக வைத்தது? கல்யாணமான ஜோடியை. கல்யாணம் ஆகாத ஆண் முழு ஆளாகக் கணக்கில் ஏற மாட்டான். ஆண் வயலுக்கும் படைக்கும் போனால் பெண் நெய்து தருவாள், இரண்டும் சேர்ந்து ஒரு வீட்டின் கடமை. வயலிலும் அப்படித்தான். ஆண்கள் வரிசையாக நின்று கால் ஏரை மிதிப்பார்கள், எதிரே பெண்கள் மண்கட்டியைப் புரட்டி விதை போடுவார்கள். குவாமான் போமாவின் விதைப்பு மாதப் படத்தில் அதுதான். மலைக் கிராமங்களில் இன்றைக்கும் அதே காட்சியைப் பார்க்கலாம்.

1570-களில் வைஸ்ராய் தொலேதோ வருகிறார். சிதறிக் கிடந்த கிராமங்களைப் பிடுங்கிச் சதுரம் சதுரமான புது ஊர்களில் குடியேற்றுகிறார். வரி இனி 18 முதல் 50 வயது வரையுள்ள ஆணின் பெயரில். பெண்ணுக்கு வரி கிடையாது. கேட்க நல்லதாக இருக்கிறது, இல்லையா? என்ன ஆயிற்று என்றால், ஏட்டில் பெண் காணாமல் போனாள், வேலை மட்டும் அப்படியே இருந்தது. வரியில் துணியும் உண்டு, அதை நெய்வது யார்? அதற்கு மேல் ஊர் அதிகாரி தன் வியாபாரத்துக்கு நூல் கொடுத்து நெய்யச் சொல்வான், பாதிரியார் தன் பங்குக்கு. விதவைகளையும் கல்யாணமாகாத பெண்களையும் தங்கள் வீட்டில் கூட்டி வைத்து வேலை வாங்கிய பாதிரியார்களைப் பற்றிக் குவாமான் போமா பக்கம் பக்கமாகத் திட்டுகிறார். தறியில் இருப்பவரைப் பாதிரியார் அடிக்கும் படமும் உண்டு.

போத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு வருடத்துக்குச் சுமார் 13,500 ஆண்கள் முறை வைத்துப் போக வேண்டியிருந்தது. மனைவி, பிள்ளை, லாமா எல்லாம் கூட நடந்தன. புருஷன் ஊரை விட்டு ஓடிவிட்டால் வரி பாக்கியைக் கேட்டு வீட்டுக்கு வருவார்கள். சட்டப்படி வரி இல்லாத பெண்ணிடம்தான்.

தறிக்காரன் | 10 ஜூன் 2023

"அரச குடும்பப் பெண்களுக்கு என்ன ஆனது?" நன்றாகக் கேட்டீர்கள், பதில் நன்றாக இல்லை.

குரா ஒக்யோ, மாங்கோ இன்காவின் கோயா. பிசாரோவின் தம்பி கொன்சாலோ அவரைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி அடம் பிடித்தபோது வேறொரு பெண்ணுக்கு அரசி மாதிரி அலங்காரம் செய்து அனுப்பிச் சமாளித்தார்கள். பிறகு ஒருநாள் கோயா நிஜமாகவே பிடிபட்டார். யாரும் தொடக் கூடாது என்று உடம்பெல்லாம் அசிங்கத்தைப் பூசிக்கொண்டார் என்று மாங்கோவின் மகன் தீத்து குஸி 1570-ல் சொல்லி எழுதுவித்த நூலில் இருக்கிறது. 1539-ல், மாங்கோ பணியவில்லை என்ற ஆத்திரத்தில், பிரான்சிஸ்கோ பிசாரோ கோயாவைக் கம்பத்தில் கட்டி அம்பு எய்து கொல்லச் சொன்னான். உடலைக் கூடையில் வைத்து ஆற்றில் விட்டார்கள், புருஷன் கண்ணில் படட்டும் என்று.

பியாத்ரிஸ் கிளாரா கோயா, சொத்துள்ள வாரிசு. அவருடைய சித்தப்பாவும் கடைசி இன்கா அரசருமான தூபாக் அமாருவைப் பிடித்து வந்த கேப்டன் மார்ட்டின் கார்சியா தெ லொயோலாவுக்கே அவரைக் கட்டி வைத்தார்கள். குஸ்கோவின் இயேசு சபைக் கோயிலில் அந்தக் கல்யாணத்தைப் பிரம்மாண்டமாக வரைந்து மாட்டியிருக்கிறார்கள். படத்தில் எல்லோரும் பட்டுடுத்தி நிற்கிறார்கள்.

இன்கா அரசன் பெண்ணைக் கொடுத்து உறவு வாங்கினான் என்று மேலே எழுதினேன். ஸ்பானியர் அந்த வழக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள்.

தறிக்காரன் | 13 ஜூன் 2023

கொஞ்சம் எதிர்ப்பக்கமும் யோசிக்கிறேன். வெறும் இருட்டு என்று எழுதினால் மலைத்தேன் சொன்ன எளிமையான கதைக்கே திரும்பிவிடுவோம்.

ஸ்பெயினின் காஸ்தில் சட்டப்படி, 1505-ன் டோரோ சட்டங்களின்படி, கல்யாணமான பெண் புருஷன் அனுமதி இல்லாமல் ஒப்பந்தம் போட முடியாது, வழக்கும் போட முடியாது. இது ஆண்டிஸ் பெண்ணுக்குப் புது விலங்கு. அதே சட்டத்தில் மகளுக்கும் சொத்தில் பங்கு உண்டு, சீதனம் அவள் பெயரில் இருக்கும், அவள் உயில் எழுதலாம். பழங்குடிப் பெண்கள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். லிமா, குஸ்கோ, போத்தோசி பத்திரங்களில் அவர்கள் உயில்கள் நிறைய இருக்கின்றன. பாவாடை, மேல்துண்டு, வெள்ளி ஊசி, யாரிடம் எத்தனை பேசோ வர வேண்டும் என்று பைசா பாக்கியில்லாமல் எழுதியிருப்பார்கள். போத்தோசிச் சந்தையில் கொக்கா, சிச்சா, ஏன் வெள்ளித் தாது வியாபாரம்கூடப் பெண்கள் கையில் இருந்தது. கிராமத்தில் தாய் வழி நிலத்தை இழந்த பெண்ணின் பேத்தி நகரத்தில் கடை போட்டுக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இதை லாபம் என்பதா, நஷ்டம் என்பதா?

இரண்டு கோட்டு வம்சம் உடனே செத்துவிடவும் இல்லை. 1583-ல் லிமாவின் மூன்றாவது திருச்சபைச் சங்கம் பழங்குடிகளின் பழைய பெயர்களை விலக்கச் சொன்னபோது, பையனுக்கு அப்பா பெயரும் பெண்ணுக்கு அம்மா பெயரும் பின்பெயராக வரட்டும் என்றது. சாமிகளை உடைத்த அதே சபை, தெரிந்தோ தெரியாமலோ, தாய் வரிசையை ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு வைத்தது.

தறிக்காரன் | 13 ஜூன் 2023

கல்யாணம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக. ஆண்டிஸில் முதலில் சேர்ந்து வாழ்ந்து பார்ப்பார்கள். ஒத்து வந்தால் கல்யாணம், இல்லையென்றால் பெண் வீட்டுக்குத் திரும்புவாள், அவமானம் கிடையாது. 1621-ல் அர்ரியாகா என்ற இயேசு சபைப் பாதிரியார் இதை ஒழிக்கவே முடியவில்லை என்று அலுத்துக்கொள்கிறார். கல்யாணத்துக்கு முன் சேர்ந்து வாழாத பெண்ணை ஊரில் குறைவாகப் பார்த்தார்களாம். சவுக்கடி எல்லாம் கொடுத்தும் வழக்கம் போகவில்லை. இன்றும் சில ஊர்களில் உண்டு.

அதே அர்ரியாகா காலத்தில்தான் விக்கிரக ஒழிப்பு விசாரணைகள். பிடிபட்டவர்களில் வயதான பெண்கள் ஏராளம். முன்பு பூசாரி, மருத்துவச்சி. இப்போது சூனியக்காரி. சூனியக்காரி என்ற சரக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது, இங்கே அதற்கு ஆள் பிடித்தார்கள். சிலர் பாதிரியார் கண்ணில் படாமல் உயரத்துப் புல்வெளிகளுக்கு ஏறிப்போய் பழைய சாமிகளைக் கும்பிட்டு வாழ்ந்தார்கள். ஆண்களுக்கு ஊர்ச்சபையில் கொஞ்சம் பதவி கிடைத்தது, அதனால் அவர்கள் ஊரோடு ஒட்டிக்கொண்டார்கள். பெண்களுக்கு ஊரில் இழக்க ஒன்றும் இல்லை என்பது சில்வர்பிளாட் வாதம். எனக்கு இதில் பாதிச் சந்தேகம். சந்தைப் பெண்களை நினைத்தால் இடிக்கிறது.

தறிக்காரன் | 14 ஜூன் 2023

"ஆண், பெண் என்று இரண்டே வரிசைதானா?" இல்லை. சில கோயில்களில் சிறுவயதிலிருந்தே பெண் உடையில் வளர்ந்து சடங்கு நடத்திய ஆண்களைப் பற்றிச் சியேசா தெ லியோன் என்ற ஸ்பானிய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். எழுதியவர்களுக்கு அது பாவம், அவ்வளவுதான். அதனால் விவரம் குறைவாகவும் திட்டு அதிகமாகவும் கிடைக்கிறது. 

தறிக்காரன் | 18 ஜூன் 2023

ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான 1780 கலகத்தைச் சொல்லாமல் விட்டால் மலைத்தேன் விட மாட்டார்.

மிக்காயேலா பாஸ்தீதாஸ். கலகத் தலைவர் இரண்டாம் தூபாக் அமாருவின் மனைவி. புருஷன் படையோடு ஊர் ஊராகச் சுற்ற, இவர் துங்காசூக்காவில் உட்கார்ந்து உணவு, ஆள், ஆயுதம், வழிச்சீட்டு எல்லாம் கவனித்தார். இவர் கடிதங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. 1780 டிசம்பர் கடிதத்தில் புருஷனை ஒரு பிடி பிடிக்கிறார். அந்தக் கிராமங்களில் தங்காதே என்று எத்தனை முறை சொன்னேன், உடனே குஸ்கோ மேல் போ, தாமதித்தால் ஆட்கள் சலித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்கிறார். அவன் தாமதித்தான். இவர் சொன்னபடியே ஆனது. 1781 மே 18 அன்று குஸ்கோ சதுக்கத்தில் இருவரையும் மகனையும் கொன்றார்கள். அதே நாளில் அகோஸ் பகுதித் தலைவி தொமாசா தீத்து கொந்தேமாய்தாவையும். 250 வருட ஸ்பானிய ஆட்சிக்குப் பிறகும் தன் உரிமையில் தலைவியாக இருந்த பெண் அவர்.

ஆகவே "வெற்றிக்குப் பின் பெண் வீட்டுக்குள் போனாள்" என்ற வரியையும் அடித்துவிடலாம். கிராமத் தலைமை, படைக்குத் தீனி இவையெல்லாம் இன்கா காலத்திலும் பெண்கள் செய்தவை. 1536-ல் குஸ்கோ முற்றுகையின்போது பிசாரோவின் இன்னொரு தம்பி எர்னாண்டோ, பிடிபடும் பெண்களையும் கொல்லச் சொன்னான். அவர்கள் இல்லாவிட்டால் இன்காவின் படைவீரர் சோறில்லாமல் நிற்பார்கள் என்று அவனுக்குப் புரிந்திருந்தது.

தறிக்காரன் | 25 ஜூன் 2023

இழை ஓய்ந்துவிட்டது போலிருக்கிறது, கடைசியாக ஒரு தொழில் செய்தி.

டிட்டிகாகா ஏரியில் தாக்கீலே என்று ஒரு தீவு. அந்த ஊர் நெசவை யுனெஸ்கோ 2005-ல் மனிதகுலத்தின் அரிய மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. அங்கே பெண்கள் தரைத் தறியில் இடுப்புக் கச்சை நெய்கிறார்கள், அது இன்காவுக்கும் முந்திய தொழில். ஆண்கள் ஊசியால் காது மூடிய தொப்பி பின்னுகிறார்கள். பையன்கள் எட்டு வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஊசிப் பின்னல் ஆண்டிஸில் கிடையாது, ஸ்பானியர் கொண்டு வந்தது. வந்த புதுத் தொழிலைத் தீவு ஆண்களுக்குக் கொடுத்துவிட்டு, பழைய தறியைப் பெண்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

படகுத் துறையில் நின்றபடியே ஒரு பெரியவர் பின்னிக்கொண்டிருந்தார். கையைப் பார்க்காமல், எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே. விலை கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கடைக்குள் இருந்த மனைவியைக் கைகாட்டினார். பேரம் பேசியது அந்த அம்மாதான், ஒரு சோல்கூடக் குறைக்கவில்லை.